குளுக்கோஸ் சேர்த்தால் ஈ.கோலை ஏன் நீந்துவதில்லை?

ஆய்வக மாணவி:
வணக்கம். எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்காக ஈ.கோலை பாக்டீரியாவை வளர்க்கிறேன். வெறும் எல்.பி. ப்ராத்தில் (பாக்டீரியா வளர்க்கும் சத்துக் கரைசல்) வளர்ந்தவை நுண்ணோக்கியில் துறுதுறுவென்று ஓடுகின்றன. அதிலேயே 0.5% குளுக்கோஸ் சேர்த்து இரவு முழுக்க வளர்த்தவை இருந்த இடத்திலேயே நடுங்குகின்றன, அவ்வளவுதான். சாப்பாடு கூடினால் ஓட்டமும் கூடத்தானே வேண்டும்? இன்னொன்று, நன்றாக ஓடிக்கொண்டிருந்த செல்களில் பிஎச் 5-இல் சோடியம் பென்சோயேட் விட்டேன், உடனே நின்றுவிட்டன. இரண்டுக்கும் ஒரே காரணமா?

கசையிழை:
இல்லை, வேறு வேறு. குளுக்கோஸ் தாராளமாக இருந்தால் செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற சைகை மூலக்கூறு குறைந்துவிடும். கசையிழை என்பது செல்லை நீந்தவைக்கும் வால் போன்ற இழை; அதன் மரபணுக்கள் எல்லாவற்றுக்கும் தலைமையான எஃப்எல்எச்டிசி மரபணுக்கள் இயங்க சைக்ளிக் ஏஎம்பி வேண்டும், ஆகவே புதிதாகக் கசையிழை கட்டும் வேலையே நின்றுபோகிறது. பழைய இழைகள் உதிர்ந்துவிடாது, செல் பிரியப் பிரிய பங்கு போட்டுக் குறைந்துகொண்டே வரும். நீங்கள் பார்த்த நடுக்கம் பிரௌனியன் அசைவு, அதாவது நீர் மூலக்கூறுகள் மோதுவதால் வரும் ஆட்டம்.

பென்சோயேட் கதையில் இழை அப்படியே இருக்கிறது, அதன் அடியில் இருந்து அதைச் சுழற்றும் மோட்டார்தான் நிற்கிறது. ஈ.கோலையின் மோட்டார் செல்லின் வழக்கமான எரிபொருளான ஏடிபியில் ஓடுவதில்லை, வெளியிலிருந்து உள்ளே பாயும் புரோட்டான்களால் சுழல்கிறது. பென்சோயேட் அமிலக் கரைசலில் ஓரளவு பென்சோயிக் அமிலமாக மாறும்; அதன் பிகேஏ (பாதி அமிலம் மின்னூட்டம் இல்லாமல் இருக்கும் பிஎச்) 4.2, பிஎச் 5-இல் அதில் ஏழில் ஒரு பங்கு மின்னூட்டம் இல்லாமல் சவ்வைத் தாண்டி உள்ளே போய் புரோட்டானை விடுகிறது, உள்ளே பிஎச் சரிகிறது, மோட்டார் நின்றுவிடுகிறது. பிஎச் 7-இல் அறுநூறில் ஒரு பங்குகூட அப்படி இருக்காது, அதே அளவு பென்சோயேட்டை அங்கே விட்டுப் பாருங்கள், ஓட்டம் நிற்காது.

பழைய கண்ணாடி:
மேலே சொன்னது சரிதான், ஆனால் குளுக்கோஸ் குழாய்க்குக் காரணம் இதுதான் என்று அவ்வளவு சீக்கிரம் முடிவுகட்டிவிடாதீர்கள். எல்.பி.யில் பஃபர் (பிஎச் மாறாமல் காக்கும் கரைசல்) கிடையாது. குளுக்கோஸைத் தின்று செல்கள் அசிட்டேட் கொட்டும், காலையில் ப்ராத் நன்றாகவே புளித்திருக்கும். அசிட்டிக் அமிலமும் பென்சோயிக் மாதிரியே மோட்டாரை நிறுத்தக்கூடியது. முதலில் பிஎச் தாள் ஒன்றை நனைத்துப் பாருங்கள். அப்புறம் செல்களை சென்ட்ரிஃபியூஜில் மெதுவாகச் சுழற்றி அடியில் இறக்கி, பிஎச் 7 பாஸ்பேட் பஃபரில் விடுங்கள். சில நிமிடங்களில் ஓட ஆரம்பித்தால் மோட்டார் பிரச்சினை. அப்போதும் நடுங்கினால் இழையே இல்லை, கசையிழையைக் கண்ணுக்குக் காட்டும் லீஃப்சன் சாயம் போட்டு உறுதி செய்துகொள்ளலாம்.

ஆய்வக மாணவி:
மிக்க நன்றி! பஃபருக்கு நான் சாதாரணத் தண்ணீர் எடுக்கலாமா?

பழைய கண்ணாடி:
வேண்டாம். காய்ச்சி வடித்த தண்ணீர், 10 மில்லிமோலார் பொட்டாசியம் பாஸ்பேட், அதோடு 0.1 மில்லிமோலார் இடிடிஏ. துளி செம்பு போன்ற கன உலோகம் இருந்தாலே ஓட்டம் மட்டுப்படும், இடிடிஏ அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அட்லர், டெம்பிள்டன் என்ற ஆய்வாளர்கள் 1967-இலேயே இதைக் காட்டிவிட்டார்கள். வோர்டெக்ஸில் (குழாயை வேகமாகக் குலுக்கும் கருவி) மட்டும் வைக்காதீர்கள், இழைகள் ஒடிந்துவிடும், பிறகு எந்தக் குழாயைப் பார்த்தும் ஒன்றும் சொல்ல முடியாது.