பழைய நம்பர் பிளேட் சேக்குறவங்க யாராவது இருக்கீங்களா? (கடலூர் / பாண்டி)

மஞ்சக்குப்பம்_பையன்:
தாத்தாவோட ஸ்கூட்டர் காயலான் கடைக்குப் போறதுக்கு முன்னாடி பிளேட்ட மட்டும் கழட்டி வச்சிக்கிட்டேன். கருப்பு தகடு, வெள்ள எழுத்து, எம்எஸ்னு ஆரம்பிக்குது. இப்ப இதையே சேக்கலாம்னு ஒரு கிறுக்கு புடிச்சிக்கிச்சு. துருவ எப்படி எடுக்குறது, மேற்கொண்டு எங்க கெடைக்கும், வீட்ல வச்சிருந்தா போலீஸ் பிரச்சன எதுனா வருமா?

டிஎன்31_வண்டிக்காரன்:
தம்பி, உப்புத்தாள் மட்டும் போட்டுடாத! அப்பல்லாம் நம்மூர்ல ஆர்டிஓ நம்பர்தான் குடுப்பாங்க, தகட்டுல எழுதுனது ஆர்ட்ஸ் கடை பெயிண்டர், அதனால ஒவ்வொரு பழைய பிளேட்லயும் ஒருத்தரோட கை இருக்கும், தேய்ச்சா அது போயிடும் அப்பறம் வெறும் தகரம்தான். சோப்பு தண்ணில மெதுவா தொடச்சி நல்லா காயவிட்டு பின்பக்கம் மட்டும் மெஷின் ஆயில் தடவு, நம்ம உப்புக்காத்துக்கு அது வேணும். 2019 ஏப்ரல்லேர்ந்து புது வண்டிக்கெல்லாம் எச்எஸ்ஆர்பி (ஹை செக்யூரிட்டி நம்பர் பிளேட்), ஹோலோகிராம், லேசர் நம்பர்னு எல்லாம் ஒரே அச்சு. திருட்டு வண்டி புடிக்க நல்லதுதான், சேக்குறவனுக்கு அதுல என்ன இருக்கு சொல்லு.

பாண்டி_ரவுண்டு:
எம்எஸ்னா மெட்ராஸ் ஸ்டேட் காலத்து கோடு ப்ரோ, 1969ல தான தமிழ்நாடுன்னு பேரு மாறுச்சு. டிஎன் 31 (கடலூர்), பிஒய் 01 (பாண்டி) எல்லாம் 1989 ஜூலைல புது சட்டம் வந்தப்பறம்தான். கருப்புல வெள்ள எழுத்துன்னா சொந்த வண்டி, அப்பல்லாம் வாடகை வண்டிக்குத்தான் வெள்ளத் தகடு, இப்ப தலகீழா சொந்த வண்டிக்கு வெள்ள, வாடகைக்கு மஞ்சள்.

நான் பிஒய் செட்டு சேக்குறேன். 01 பாண்டி, 02 காரைக்கால், 03 மாஹே, 04 ஏனாம், 05 உழவர்கரை. மாஹே கேரளா பக்கம், ஏனாம் ஆந்திரா பக்கம், அதனால அந்த ரெண்டும் இங்க கண்ணுலயே படாது. சொல்லப்போனா வண்டிக்கு நம்பர் தகடு மாட்டச் சொல்லி மொதல்ல உத்தரவு போட்டதே பாரிஸ் போலீஸ்தான், 1893ல. அமெரிக்காவுல சேக்குறவங்க ஏஎல்பிசிஏன்னு சங்கமே வச்சிருக்காங்க, 1954ல ஆரம்பிச்சது, பிரெஞ்சுக்காரன் பாண்டிய விட்டுப் போன அதே வருஷம்!

டிஎன்31_வண்டிக்காரன்:
போலீஸ் பத்தி கேட்டியே, வண்டி காயலானுக்குப் போச்சுன்னா ஆர்சிய முறையா கேன்சல் பண்ணிடு. தகடு செவுத்துல தொங்கலாம், வேற வண்டில மட்டும் மாட்டிடாத, கேஸ் ஆயிடும்.

பாண்டி_ரவுண்டு:
தேடுறதுன்னா பழைய மெக்கானிக் ஷெட்டு, டிங்கரிங் பட்டறைல கேளுங்க. எங்கூரு சண்டே மார்க்கெட்டுல துணிதான் ஜாஸ்தி, பழைய சாமான் பரப்பி வச்சிருக்குறவங்ககிட்ட எப்பயாவது மாட்டும். எடுத்து நம்பர உத்துப் பாத்துக்கிட்டு நிக்காதீங்க, ஆர்வம் தெரிஞ்சா வெலைய ஏத்திடுவாங்க.