வடக்குத் தெரு பிளஸ் டூ குரூப்: லாக் ஓபரானில் ஒரு சந்தேகம்

செல்வி: யாராவது முழித்திருக்கிறீர்களா? விலங்கியலில் மூலக்கூறு மரபியல்தான் பாக்கி. லாக் ஓபரான், அதான் பாக்டீரியா லாக்டோஸை (பால் சர்க்கரை) பயன்படுத்த உதவும் ஜீன் தொகுப்பு, எத்தனை தடவை படித்தாலும் ஒரு இடத்தில் இடிக்குது.

பிரவீன்: அது சுலபம்டி. இசட், ஒய், ஏ என்று மூணு ஜீன். லாக்டோஸ் இல்லாவிட்டால் ரெப்ரசர் என்கிற தடுப்புப் புரதம் போய் ஜீன்களுக்கு முன்னாடி இருக்கும் ஆப்பரேட்டர் என்ற டிஎன்ஏ பகுதியில் உட்கார்ந்துகொள்ளும், ஜீனைப் படித்து ஆர்என்ஏ செய்யும் பாலிமரேஸ் நகர முடியாது. லாக்டோஸ் வந்தால் ரெப்ரசர் கழன்றுவிடும். 5 மார்க் வாங்கிட்டுப் போயிட்டே இரு.

செல்வி: அதெல்லாம் தெரியும். லாக்டோஸை செல்லுக்குள்ளே விடுவது பெர்மியேஸ், அது வருவது ஒய் ஜீனிலிருந்து. ஆனால் லாக்டோஸ் உள்ளே வந்தால்தானே ஒய் ஜீனே வேலை செய்யும்? அப்போ முதல் லாக்டோஸ் எப்படி உள்ளே போச்சு?

அப்துல்: ஆத்தாடி.

பிரவீன்: சவ்வூடு பரவலில் போயிருக்கும்.

ஜெனிஃபர்: சவ்வூடு பரவல் தண்ணீருக்குடா. லாக்டோஸ் இரட்டைச் சர்க்கரை, பெரிய மூலக்கூறு, சவ்வு அதைச் சும்மா விடாது. ரேவதி அக்கா, எம்எஸ்சி மைக்ரோபயாலஜி, வாங்க!

ரேவதி அக்கா: இப்பதான் பார்த்தேன். நல்ல கேள்வி செல்வி, எங்க வகுப்பிலேயே பாதிப் பேர் இதைக் கேட்டதில்லை. ஓபரான் ஒருபோதும் முழுசாக மூடிக் கிடக்காது. ரெப்ரசர் ஆப்பரேட்டரோடு இறுக ஒட்டியே இருக்காது, அவ்வப்போது கழன்று திரும்ப ஒட்டும், ஏடிஎம் வாசல் வாட்ச்மேன் கண்ணசருகிற மாதிரி. அந்த நேரத்தில் பாலிமரேஸ் நுழைந்து கொஞ்சம் எம்ஆர்என்ஏ, அதாவது புரதம் செய்வதற்கான ஜீன் நகல், செய்துவிடும். அதனால் செல்லில் எப்போதும் சில பெர்மியேஸ், லாக்டோஸை உடைக்கும் நொதியான பீட்டா காலக்டோசிடேஸ் சில இருக்கும். முதல் லாக்டோஸ் வருவது அந்த வழியாகத்தான்.

ரேவதி அக்கா: இன்னொன்று. உள்ளே வந்த லாக்டோஸில் கொஞ்சத்தை அதே பீட்டா காலக்டோசிடேஸ் அல்லோலாக்டோஸாக மாற்றும். ரெப்ரசரில் போய் ஒட்டுவது உண்மையில் அதுதான். ஒட்டியதும் ரெப்ரசரின் வடிவம் மாறிவிடும், அப்புறம் ஆப்பரேட்டரைப் பிடிக்க முடியாது.

அப்துல்: அப்போ ஒரே நொதிக்கு ரெண்டு வேலையா?

ரேவதி அக்கா: ஆமாம். லாக்டோஸை குளுக்கோஸ், காலக்டோஸ் என்று உடைக்கும், கொஞ்சத்தை இப்படி மாற்றவும் செய்யும்.

செல்வி: குளுக்கோஸும் லாக்டோஸும் சேர்ந்தே இருந்தால்?

ரேவதி அக்கா: முதலில் குளுக்கோஸ்தான். அது தீரும்வரை லாக் ஓபரான் பேருக்குத்தான் ஓடும். பிரெஞ்சு விஞ்ஞானி மோனோ இந்த இரண்டு சர்க்கரையில் பாக்டீரியாவை வளர்த்தபோது வளர்ச்சிக்கோடு ஏறி, கொஞ்ச நேரம் நின்று, மறுபடி ஏறியது. அந்த நின்ற நேரத்தில்தான் லாக்டோஸுக்கான நொதிகள் தயாராகின்றன. அப்புறம் 1961இல் அவரும் ஜேக்கப்பும் ஓபரான் மாதிரியை வெளியிட்டார்கள். 1965இல் லுவோஃபையும் சேர்த்து மூணு பேருக்கும் நோபல் பரிசு.

செல்வி அம்மா: ஏட்டி செல்வி, போனை வச்சிட்டுச் சாப்பிட வா. படிக்கிறீங்களா, அரட்டையா?

செல்வி: படிக்கிறோம்மா, மேலே வாசிச்சுப் பாருங்க.

செல்வி அம்மா: பார்த்தேன். ஏதோ சீனிக் கணக்கா இருக்கு. தோசை ஆறுது.

அப்துல்: அத்தை, எனக்கும் ரெண்டு. அதுக்குள்ள ஒரு ஹார்டி வீன்பெர்க் கணக்கு, மக்கள்தொகையில் ஜீன் வகைகள் எவ்வளவு என்று கண்டுபிடிக்கிறது: 100 பேரில் 16 பேருக்கு ஒடுங்கு பண்பு வெளியே தெரியுது. கேரியர், அதாவது ஒடுங்கு ஜீன் ஒன்று மட்டும் இருந்து பண்பு வெளியே தெரியாதவங்க, எத்தனை பேர்?

பிரவீன்: 84.

ஜெனிஃபர்: அந்த 84இல் தூய ஓங்கு ஆட்களும் இருக்காங்களே. ஒடுங்கு ஜீனின் பங்கு க்யூ, ஓங்கு ஜீனின் பங்கு பி, ரெண்டும் சேர்ந்தால் 1. 0.16 என்பது க்யூ வர்க்கம். வர்க்கமூலம் எடுத்தால் க்யூ 0.4, பி 0.6. கேரியர் 2பிக்யூ, அதாவது 0.48. ஆக 48 பேர். நிறையப் பேர் 0.16ஐயே க்யூ என்று வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறாங்க, அங்கேயே கணக்கு காலி.

பிரவீன்: அப்போ தூய ஓங்கு 36. 36, 48, 16, கூட்டினால் 100. சரியா வருது.

ரேவதி அக்கா: அந்தக் கடைசி வரியை விடைத்தாளிலும் எழுதுடா, கணக்கு சரியா என்று உனக்கே தெரிஞ்சிரும். அப்புறம் லாக் ஓபரான் கேட்டால் ரெண்டு படம் போடுங்க, லாக்டோஸ் இல்லாதபோது ஒன்று, இருக்கும்போது ஒன்று. பக்கம் பக்கமா எழுதுவதைவிட அதுதான் தெளிவு.

பிரவீன்: போட்டோ அனுப்பியிருக்கேன், பாருங்கக்கா.

ரேவதி அக்கா: ரெப்ரசரைச் செய்யும் ஐ ஜீனை ஏன் கடைசியில் போட்டிருக்கே? முன்னாடி கொண்டு வா. அதுக்குத் தனி புரோமோட்டர் (பாலிமரேஸ் வந்து ஒட்டும் இடம்) உண்டு, அதையும் குறி. மற்ற மூணுக்கும் சேர்த்து ஒரே புரோமோட்டர்.

பிரவீன்: சரிக்கா. ஜெனி, தாவரவியல் காலையில் 5 மணிக்கா, 6 மணிக்கா?

ஜெனிஃபர்: 6. 5 மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும், குடம் பிடிக்கணும்.