புதுப்பிப்பு: சுங்க முகவரை மாற்றிய பின் அமெரிக்கத் தீர்வையை மீளப் பெறல்

கிளிநொச்சியிலிருந்து பனங்கட்டி, ஒடியல் மா அனுப்பி, அமெரிக்காவில் இறக்குமதியாளராகவும் தாங்களே பதிந்திருப்பவர்கள் முகவரை மாற்றினால் பழைய தீர்வை யாருக்குத் திரும்பும் என்று முன்னர் கேட்டிருந்தேன்.

உரிமை இறக்குமதியாளருக்கே. ஒவ்வொரு இறக்குமதிப் பதிவிலக்கத்தின் முதல் மூன்று எழுத்துகள் பழைய முகவரின் குறியீடு. புதியவரின் கணக்கில் அந்தப் பதிவுகள் தெரியாததற்குக் காரணம் அதுதான். அமெரிக்கச் சுங்கத்தின் இணையத்தளமான ஏஸில் (ACE) உங்கள் சொந்தக் கணக்கில் அந்தப் பதிவுகளின் பட்டியலை நீங்களே எடுங்கள். புதியவருக்கு அற்றோணித் தத்துவமும் கொடுங்கள்.

பலர் சறுக்குவது, மீளளிப்பும் அறிவித்தல்களும் யாருக்குப் போகவேண்டும் என்று சுங்கத்துக்குச் சொல்லும் 4811 படிவத்தில். அதில் பழைய முகவரின் பெயர் கிடந்தால் காசோ கடிதமோ அவரிடம்தான் போகும். முதல் வேலையாக அதை நீக்குங்கள்.

லிக்விடேஷன், அதாவது சுங்கம் தீர்வைக் கணக்கை இறுதியாக முடிப்பது, வழமையாக இறக்குமதிப் பதிவிலிருந்து 314ஆம் நாளளவில். ஆட்சேபம் தெரிவிக்க லிக்விடேஷன் திகதியிலிருந்து 180 நாள்தான். தீர்வை கட்டிய திகதியிலிருந்து எண்ணாதேங்கோ.