மறுமொழி: காம்ப்ளிமென்ட் – நிரப்பு வேண்டாம், நிறைவுக்கூறு என்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். ஆங்கிலத் தொடரின் உறுப்புகளுக்குப் பெயரிடுவதில் எழுவாய், செயப்படுபொருள் இரண்டையும் பற்றி நம்மிடையே கருத்து வேறுபாடு இல்லை. எழுவாயையோ செயப்படுபொருளையோ பற்றிச் சொல்லித் தொடரை முற்றுப்பெறச் செய்யும் பகுதியாகிய காம்ப்ளிமென்ட் என்பதற்குத்தான் நம் குழுவில் நிரப்பி, நிரப்பு, பெயர்ப்பயனிலை, நிறைமொழி என நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம், தமிழ் வழியில் படிக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தேர்வுக்கு முன் ஆங்கில இலக்கணத்தை மீள்பார்வை செய்விப்பவன் என்ற முறையில், இந்த நான்கையும் கரும்பலகையில் எழுதினால் என்ன ஆகும் என்ற கோணத்திலிருந்தே நான் பார்க்கிறேன்.

முதலில் ஒரு தடையை அகற்ற வேண்டும். எஸ்.வி.ஓ. (சப்ஜெக்ட், வெர்ப், ஆப்ஜெக்ட்) என்ற அமைப்பை விளக்கும்போது நம்மில் பலரும் வி என்பதைப் பயனிலை என்றே சொல்லிக்கொடுக்கிறோம். ‘அவர் ஆசிரியர்’ என்ற தொடரில் ‘ஆசிரியர்’ என்பதே பயனிலை என்று தமிழாசிரியர் முதல் பாடவேளையில் சொல்லிவிட்டுப் போகிறார். அடுத்த பாடவேளையில் ‘ஹீ இஸ் எ டீச்சர்’ என்று எழுதி, ‘இஸ்’ என்பதே பயனிலை என்று நாம் சொல்கிறோம். பிள்ளைகள் எதை நம்புவார்கள்? வினை, பெயர், வினா ஆகிய மூன்றையும் பயனிலையாகக் கொள்ளும் நன்னூல் மரபில் வந்த சொல்லை ஆங்கில வினைக்கு மட்டும் உரியதாகச் சுருக்குவதால் வரும் குழப்பம் இது. அடுத்த அறையில் மலையாள வழியில் படிக்கும் பிள்ளைகளுக்குக் கர்த்தாவு, கிரிய, கர்மம் என்று சொல்லிக்கொடுப்பதால் இந்தச் சிக்கல் அவர்களுக்கு எழுவதே இல்லை. ஆகவே வி என்பதை வினை என்றே சொல்வோம். எழுவாய் நீங்கலாக எஞ்சும் பகுதி முழுவதற்கும், அதாவது பிரெடிகேட்டுக்கு, பயனிலை என்ற சொல்லை ஒதுக்கிவைப்போம். ‘இஸ் எ டீச்சர்’ என்பது முழுவதும் பயனிலை; அதற்குள் ‘இஸ்’ வினை; ‘எ டீச்சர்’ என்பதற்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம்.

பெயர்ப்பயனிலை என்ற முன்மொழிவை மதிக்கிறேன். அதற்கு ஆழமான வேர் இருக்கிறது. தொல்காப்பிய வேற்றுமையியலில் எழுவாய் கொள்ளும் முடிபுகளாக ஆறு சொல்லப்படுகின்றன. அவற்றுள் பண்புகொள வருதல், பெயர்கொள வருதல் என்ற இரண்டுக்கும் ‘ஆ கரிது’, ‘ஆ பல’ என்று உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுத் தருகிறார்கள். ஆங்கிலத்தில் பெயரடையும் பெயரும் காம்ப்ளிமென்டாக வரும் இரு வகைக்கு இவ்வளவு நெருக்கமான பகுப்பு நம்மிடமே இருப்பதை வகுப்பில் எடுத்துச் சொல்லத்தான் வேண்டும். ஆயினும் அதே பெயரை இங்கே சூட்ட முடியாது. தமிழில் அந்தப் பெயர் தானே தொடரை முடித்துவைக்கும். ஆங்கிலத்தில் ‘இஸ்’ இல்லாமல் முடியாது. மேலும் ‘தே எலக்டெட் ஹிம் கேப்டன்’ என்பதில் ‘கேப்டன்’ செயப்படுபொருளைச் சார்ந்தது; ‘அவனைத் தலைவனாகத் தேர்ந்தெடுத்தார்கள்’ என்று தமிழில் ‘ஆக’ ஏற்று வருவதைப் பெயர்ப்பயனிலை என்றால் எந்தத் தமிழாசிரியரும் ஒப்பமாட்டார்.

இங்கே எல்லைப்புற அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ‘ஹீ டீச்சர்’ என்று எழுதும் மாணவனிடம், மலையாளத்தில் இதை எப்படிச் சொல்வாய் என்று கேட்டால், ‘அத்தேஹம் அத்யாபகனாணு’ என்று உடனே சொல்வான். அந்த ‘ஆணு’ நிற்கும் இடத்தில்தான் ‘இஸ்’ நிற்கிறது என்றதும் அவனே திருத்திக்கொள்கிறான். ஆந்திரத்துச் சித்தூரில் (பெயர் ஒன்றாக இருப்பதால் இந்தக் குழுவிலேயே எங்களைக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு) இந்த உத்தி பலிக்காது. ‘ஆயன டீச்சர்’ என்று தெலுங்கும் தமிழைப் போலவே வினையின்றி முடிந்துவிடுகிறது.

இனி நிரப்பு. கணிதத்தில் நிரப்புக் கோணம் என்பது வேரூன்றிவிட்டதால் அதையே எடுத்துக்கொள்ளலாம் என்ற வாதம் வலுவானதுதான். தொண்ணூறு பாகையை எட்ட மற்றொரு கோணம் தேவைப்படுவதும், ‘ஷீ பிகேம்’ என்று நிறுத்தினால் தொடர் அந்தரத்தில் நிற்பதும் ஒத்துப்போகின்றன. ஆனால் தனிப்பெயராக நின்றால் நிரப்பு என்பதற்கு வறுமை என்ற பொருளும் உண்டு. ‘நிரப்பினுள் யாதொன்றும் கண்பாடு அரிது’ என்ற குறளைப் படித்த மாணவன், எழுவாய் நிரப்பு என்றால் எழுவாயின் ஏழ்மை என்று கேலி செய்யத் தயங்கமாட்டான். எங்கள் பகுதியில் இன்னொரு தொல்லையும் சேர்கிறது. மலையாளத்தில் ‘நிரப்பு’ என்றால் மட்டம். ஆளியாற்றுத் தண்ணீரை எதிர்பார்த்திருக்கும் இந்த வட்டாரத்தில், அணையின் ‘ஜலநிரப்பு’ எவ்வளவு என்பது வீட்டுத் திண்ணை வரை வரும் பேச்சு. நிரப்பி என்பதில் உள்ள இகர விகுதியோ கணினி, அலைபேசி போல ஒரு கருவியையே நினைவூட்டுகிறது. நிறைமொழி என்பது குறள் சொல்லும் நிறைமொழி மாந்தருக்கே இருக்கட்டும்.

எனவே நிறைவுக்கூறு என்ற சொல்லை முன்வைக்கிறேன். நிறைவு என்பதில் முற்றுப்பெறுதல் என்ற கருத்து இயல்பாகவே உள்ளது. மலையாளத்து ‘நிறவு’ம் ஏறக்குறைய அதே பொருளைத் தருவதால் எங்கள் பிள்ளைகளுக்கு இடறாது. நிறை என்று குறுக்கினால் இயற்பியல் பாடத்தின் நிறையோடு மோதும் என்பதால் குறுக்கவில்லை. சொல் என்னாமல் கூறு என்றதற்குக் காரணம், ‘ஷீ இஸ் இன் குட் ஹெல்த்’ என்பதில் மூன்று சொற்கள் சேர்ந்தே அந்த வேலையைச் செய்கின்றன. எழுவாய் நிறைவுக்கூறு, செயப்படுபொருள் நிறைவுக்கூறு என்று இரண்டாகப் பகுக்கும்போது பெயர் நீளுகிறது என்ற குறை உண்டு. அடையாள எழுத்தாக ‘நி’ என்று போட்டுக்கொண்டால் போதும்.

செயப்படுபொருளிலிருந்து இதைப் பிரித்துக் காட்ட ‘ஹீ மெட் எ டாக்டர்’, ‘ஹீ பிகேம் எ டாக்டர்’ ஆகிய இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஒவ்வொன்றிலும் எத்தனை ஆட்கள் என்று கேட்பது என் வழக்கம். முதலாவதில் இருவர், இரண்டாவதில் ஒருவர்தான் என்று கடைசி பெஞ்சிலிருந்தே பதில் வந்துவிடும். சந்திக்கப்பட்டவர் வேறொருவர், ஆனவரோ எழுவாயே. இந்த ஒருமைப்பாட்டைச் சொல்லிலேயே காட்ட வேண்டும் என்றால் ஒப்புக்கூறு எனலாம். ஆனால் ஒப்பு என்றதும் உவமை நினைவுக்கு வரும்.

அட்ஜங்க்ட் என்பதற்குப் புதுச்சொல் தேவையில்லை என்பது என் கருத்து. நீக்கினாலும் தொடர் நிற்கும் பகுதிக்கு அடை என்ற நம் பழைய சொல்லே பொருந்தும். நிறைவுக்கூற்றுக்கு மறுப்பு இருப்பவர்கள், ‘தி நியூஸ் மேட் ஹெர் சேட்’ என்ற தொடரில் ‘சேட்’ என்பதற்குத் தங்கள் சொல்லைப் பொருத்திக் காட்டி எழுத வேண்டுகிறேன்.