பழைய சன்னலைக் கழற்றிப் புதியதை நாமே பொருத்திய அனுபவங்கள்

குளச்சல்:
யூபிவிசி என்னும் கடினப் பிளாஸ்டிக்கால் ஆன சறுக்குச் சன்னலை வாங்கி, நானும் தம்பியும் சேர்ந்தே பொருத்தினோம். அந்த வேலையைவிட, அதன் பிறகு வந்த முதல் ஆனி மாத மழைதான் இன்றும் மனத்தில் நிற்கிறது. கடற்காற்று நேராக அடிக்கும் மேற்குச் சுவர் அது. இரவில் மழை வலுத்தபோது கீழ்ச்சட்டத்தின் குழியில் தண்ணீர் நிறைந்து, உள்பக்கமாக வழிந்து தரையெங்கும் ஓடியது. சுற்றிலும் சிலிக்கான் பசை பூசு என்றுதான் வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். பக்கத்து வீட்டு மாமா மட்டும் ஓர் ஈர்க்கிலை ஒடித்து, சட்டத்தின் வெளிப்புறத்தில் இருந்த சிறு துளைக்குள் குத்தினார். பெயிண்ட் அடித்தவர் அடைத்துவிட்டுப் போன பட்டி உடைந்தது. தேங்கிய நீர் முழுவதும் வெளியே பீறிட்டது. குழிக்குள் மழைநீர் இறங்குவது இயல்பு என்றும், அது வடியவே அந்தத் துளைகள் என்றும் விற்ற கடையில் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

தக்கலை:
குளச்சல் அண்ணன் பொருத்தியதைச் சொன்னார். எனக்குக் கழற்றியதுதான் மறக்கவில்லை. ஓட்டு வீடு, அயினி மரச் சட்டம், அடிப்பகுதியைச் சிதல் தின்றுவிட்டது. பக்கச் சட்டத்தை நடுவில் அறுத்துக் கடப்பாரையால் நெம்பியபோது, மேல்சட்டத்தோடு அதன் மேலிருந்த கல்வரிசையும் சேர்ந்து இறங்கியது. சன்னலுக்கு மேல், சுவரின் பாரம் தாங்கும் லிண்டல் என்ற கான்கிரீட் உத்தரமே இல்லை; அத்தனை காலமும் சுவரைத் தாங்கியது அந்த மரம்தான். என் கைமேல் மண் கொட்டிக்கொண்டிருக்க, "கையை எடுடா" என்று கத்தியபடி அப்பா முட்டுக்கம்பை நுழைத்தது இப்போதும் கண்ணில் தெரிகிறது. பிறகு கொத்தனாரை அழைத்து, இருபுறமும் அரையடிக்குக் குறையாமல் சுவரில் உட்காரும்படி லிண்டல் வார்த்து, அது நன்றாக இறுகிய பிறகே புதிய சன்னலைத் தொட்டோம். பழைய வீட்டில் கை வைப்பவர்கள் முதலில் சன்னலின் மேல்பக்கச் சாந்தைக் கொத்திப் பாருங்கள்.

ஆரல்வாய்மொழி:
குளச்சல்காரர் சொன்ன துளையைப் பேசுவதைவிட, காற்றடிக்கும் இடத்தில் சறுக்குச் சன்னல் வைத்ததைத்தான் பேச வேண்டும். கணவாய்க் காற்றை நம்பி முப்பந்தலில் காற்றாலைகள் நிற்கும் பகுதி எங்களுடையது. சறுக்குக் கதவின் ஓரத்தில் காற்றைத் தடுப்பது தூரிகை போன்ற இழை மட்டுமே. சன்னலை இறுக மூடிய பிறகும், மாமியார் ஏற்றி வைத்த குத்துவிளக்கு என் கண்ணெதிரே அணைந்தது; அவர் அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது கீல் வைத்த கதவுக்கு மாறிவிட்டோம். கைப்பிடியைத் திருப்பினால் கதவு ரப்பர் பட்டையின் மீது அழுந்தி மூடுகிறது. விளக்கின் சுடர் அசைவதில்லை.

நாகர்கோவில்:
ஆரல்வாய்மொழி அக்கா சொல்வதை அப்படியே ஏற்க முடியவில்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வீசியபோது, கொக்கி மாட்டாத சன்னல் கதவு ஒன்று கீலோடு பிய்ந்து எதிர்வீட்டுச் சுவரில் மோதியதை நான் நேரில் கண்டவன். வெளிப்பக்கம் திறக்கும் கதவுக்கு அந்த ஆபத்து உண்டு. எதை வாங்கினாலும் அளவுதான் முக்கியம் என்பதால், யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடங்களிலும், உயரத்தையும் அதுபோலவே மூன்று இடங்களிலும் அளந்து, குறைந்த அளவை எடுத்துக்கொள்ளுங்கள். மூலைக்கு மூலை குறுக்காகவும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் திறப்பு கோணலாக இருக்கிறது. யூபிவிசி வெயிலில் விரியும் பொருளாகையால், ஒவ்வொரு பக்கமும் சுமார் 5 மி.மீ. இடைவெளி விட வேண்டும். திருகாணி இறுகும் இடத்தில் பிளாஸ்டிக் ஆப்பு வைத்து, ரசமட்டமும் தூக்குக்குண்டும் பார்த்த பிறகே முடுக்குங்கள். இடைவெளியை அடைக்கும் ஃபோம் என்ற நுரையை அளவுக்கு மீறி அடித்தால் அது உப்பிச் சட்டத்தை உள்ளே வளைத்துவிடும், கதவு நகராது. வெயில் பட்டால் பொடியாகும் என்பதால் அதன்மேல் பூச்சும் வேண்டும். உள்ளே பொந்துள்ள ஹாலோ பிளாக் கல் சுவரில், திருகைப் பிடிக்கும் சாதாரணப் பிளக் நிற்காது. அந்தப் பொந்தைக் கான்கிரீட்டால் நிரப்பிவிட்டுத் துளையிடுவது நல்லது. சன்னலின் அடித்திண்டு வெளிப்பக்கம் சரிந்திருக்கட்டும்.

முட்டம்:
எங்கள் வீட்டில் சட்டத்துக்கு எந்தக் குறையும் வரவில்லை. கீலைச் சரிசெய்ய ஸ்குரூடிரைவரை வைத்தேன். திருகின் தலை துருவாக உதிர்ந்து, கண்ணாடிக் கதவு முழுப் பாரத்தோடு என் தோளில் சாய்ந்தது. கடையில் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) என்று மட்டும் கேட்டால் போதாது. 304 தரமும் கடலோரத்தில் கறை பிடிக்கும். மாலிப்டினம் கலந்த 316 தரம்தான் உப்புக்காற்றைக் கூடுதலாகத் தாங்கும்.

குளச்சல்:
ஆரல்வாய்மொழி அக்காவுக்கு: எங்கள் சுவர் தெருவை ஒட்டியது, கதவு வெளிப்பக்கம் திறந்தால் நடந்து போகிறவர் தலையில் இடிக்கும். அதனால்தான் சறுக்குச் சன்னலை வைத்தோம், அதை மாற்றப்போவதும் இல்லை. முட்டத்துக்காரரே, 316 திருகு நாகர்கோவிலில் சில்லறையாகக் கிடைக்கிறதா, பெட்டியாகத்தான் வாங்க வேண்டுமா?