பனி அறிக்கையில் 25 செ.மீ., காலடியில் கண்ணாடி: இந்த எண்களை எப்படிப் படிப்பது?

வழுக்குமரம் (கேள்வி):

பனிச்சறுக்கில் எனக்கு இது மூன்றாவது ஆண்டு. எளிய நீலத் தடங்களில் அச்சமின்றி இறங்குவேன். சிவப்புத் தடங்களில் நிதானமாக இறங்குவேன். மிகக் கடினமான கறுப்புத் தடங்களைக் கீழிருந்து பார்ப்பதோடு சரி. கடந்த மாதம் ஒரு சறுக்கு மையத்திற்கு நான்கு நாள்கள் சென்றிருந்தேன். புறப்படுவதற்கு முந்தைய மாலை அவர்கள் வெளியிட்ட பனி அறிக்கையைக் குறித்து வைத்திருக்கிறேன். அடிவாரம் 1,500 மீட்டர், அங்கே பனியின் ஆழம் 45 செ.மீ.; உச்சி 2,700 மீட்டர், அங்கே 190 செ.மீ.; கடந்த 24 மணி நேரத்தில் புதிய பனி 25 செ.மீ.; உறைநிலை உயரம் 2,200 மீட்டர்; இரவில் வானம் தெளியும்; முகட்டில் பலத்த வடமேற்குக் காற்று. 25 என்ற எண்ணைக் கண்ட மகிழ்ச்சியில் மற்றவற்றை நான் பொருட்படுத்தவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாள் காலையில் கீழ்ப்பாதித் தடங்கள் கண்ணாடிபோல் இறுகிக் கிடந்தன. ஸ்கீயின் (காலில் கட்டும் சறுக்குப் பலகையின்) விளிம்பு எங்கும் பிடிக்கவில்லை. மேலே நல்ல பனி படிந்திருப்பது கண்ணுக்கே தெரிந்தது. ஆனால், ஒரு துண்டு மேகம்கூட இல்லாத அந்த நாளில் மலையின் மேற்பகுதிக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் லிஃப்டுகளைப் பிற்பகல் வரை அவர்கள் திறக்கவே இல்லை. அறிக்கை பொய்யா, நான் படித்த முறை தவறா? வெயில் அடிக்கும்போது லிஃப்டை ஏன் மூடுகிறார்கள்? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நெடுமலை:

நீங்கள் குறித்து வைத்த அந்த அறிக்கையிலேயே விடை முழுவதும் இருக்கிறது. அதை 25இல் தொடங்காமல் 2,200இல் தொடங்கிப் படிக்க வேண்டும்.

உறைநிலை உயரம் என்பது காற்றின் வெப்பநிலை 0 பாகையாக இருக்கும் உயரம். அதற்கு மேலே விழுவது பனி. அதற்குக் கீழே வந்ததும் பனித்துகள் உடனே உருகிவிடுவதில்லை, வழக்கமாக இன்னும் 200 அல்லது 300 மீட்டர் இறங்கிய பிறகே முழுமையாக மழையாகிறது. பொழிவு கடுமையாக இருந்தால் உருகும் பனியே சுற்றியுள்ள காற்றைக் குளிரவைத்து அந்த எல்லையை மேலும் கீழே இழுக்கும். குறுகிய பள்ளத்தாக்குகளில் இது நன்றாகத் தெரியும். ஆனால், உங்கள் கணக்குக்கு அந்த நுணுக்கம் தேவையில்லை. 2,200 மீட்டரிலிருந்து 300ஐக் கழித்தால் 1,900 வருகிறது. அதாவது, உச்சியில் 25 செ.மீ. பனி பொழிந்துகொண்டிருந்த அதே நேரத்தில், 1,900 மீட்டருக்குக் கீழே இருந்த தடங்கள் மழையில் நனைந்துகொண்டிருந்தன.

அடுத்ததாக, "இரவில் வானம் தெளியும்" என்ற வரி. நீங்கள் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டிருப்பீர்கள். எனக்கு அறிக்கையிலேயே கவலை தரும் வரி அதுதான். மேகம் இருக்கும் இரவில் அது ஒரு போர்வைபோல வெப்பத்தைத் தடுத்து வைக்கும். மேகம் விலகிய இரவில் பனியின் மேற்பரப்பு தன் வெப்பத்தை வானத்துக்குக் கொட்டிவிட்டு, சில வேளைகளில் தன்மேல் இருக்கும் காற்றைவிடப் பல பாகைகள் கூடுதலாகக் குளிர்ந்துவிடும். மழை குடித்த பனி அப்படிக் குளிர்ந்தால் நீங்கள் கண்ட கண்ணாடி கிடைக்கிறது. வானம் மூடியே இருந்திருந்தால், கண்ணாடிக்குப் பதிலாகச் சொதசொதப்பான பனி கிடைத்திருக்கும். அதுவும் இனிமையானதல்ல, ஆனால் விழுந்தால் வலி குறைவு.

25 செ.மீ. எங்கே அளக்கப்பட்டது என்பதையும் கேட்டுப் பழகுங்கள். காற்று அதிகம் தாக்காத, மலையின் நடுப்பகுதியிலோ மேற்பகுதியிலோ உள்ள ஓர் இடத்தில் வெள்ளைப் பலகை ஒன்றை வைத்து, அதன்மேல் சேர்ந்த பனியை அளந்துவிட்டு, மறு அளவீட்டுக்காகப் பலகையைத் துடைத்து வைப்பதுதான் வழக்கமான முறை. அந்தப் பலகைக்கு 1,200 மீட்டர் கீழே என்ன நடந்தது என்று அது சொல்லாது. உயரம் ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் கூடும்போதும் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை குறைகிறது. உலர்ந்த காற்று மேலெழும்போது இது 10 பாகையை நெருங்கும். உங்கள் மையத்தின் உச்சிக்கும் அடிவாரத்துக்கும் இடையே மட்டும் ஏறத்தாழ 8 பாகை வேறுபாடு உண்டு. ஒரே மலைதான் என்றாலும் இரு வேறு பருவங்கள் என்றே கொள்ளலாம்.

இன்னொன்று: புதிய பனி 25 செ.மீ. விழுந்தால் மொத்த ஆழமும் 25 செ.மீ. கூடும் என்று எதிர்பார்க்காதீர்கள். 1 செ.மீ. மழைக்குரிய நீர் ஏறத்தாழ 10 செ.மீ. புதிய பனியாகிறது என்பது பொது விதி. கடுங்குளிரில் விழும் தூள்பனியாக இருந்தால் அதே நீர் 15, 20 செ.மீ. வரைகூட உயர்ந்து நிற்கும். ஈரப்பனியாக இருந்தால் 5, 6 செ.மீ.தான். அவ்வளவு காற்றைத் தன்னுள் வைத்திருக்கும் பொருள் தன் எடையிலேயே அமிழும். ஒரு துளியும் உருகாமலே இரண்டு நாள்களில் ஆழம் கணிசமாகக் குறைவது இதனால்தான்.

பனிக்கரடி:

நெடுமலை ஐயா அறிக்கை எழுதுபவர்களுக்கு மிகவும் இரக்கம் காட்டுகிறார். அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியைச் சேர்ந்த ஜொனாதன் ஜின்மன், எரிக் ஜிட்ஸவிட்ஸ் என்ற இரு பொருளியலாளர்கள், சறுக்கு மையங்கள் தாமே அறிவித்த பனிப்பொழிவு அளவுகளை ஆராய்ந்து 2016இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வார இறுதி நாள்களில் அறிவிக்கப்பட்ட புதிய பனி மற்ற நாள்களைவிட 23 விழுக்காடு அதிகமாக இருந்தது. சனி, ஞாயிறு பார்த்துப் பொழியும் மேகம் எதையும் நான் அறியேன். கைப்பேசிச் செயலி வழியாகச் சறுக்குபவர்களே உடனுக்குடன் உண்மை நிலையை எழுதத் தொடங்கியதும், கைப்பேசி இணைப்பு நன்றாக இருந்த மையங்களில் இந்த மிகை வெகுவாகக் குறைந்ததாகவும் அவர்கள் கண்டார்கள்.

எனவே, என் வழி எளிமையானது. அறிக்கையை விட்டுவிட்டு, மையத்தின் நேரலைக் கேமராவைப் பாருங்கள். அளவுகோல் நட்ட இடத்தைக் காட்டும் கேமரா இருந்தால் இன்னும் நல்லது. அதையும் ஒரு முறை பார்த்தால் போதாது. மூன்று நாள்கள் தொடர்ந்து, ஒரே நேரத்தில் பாருங்கள். மரக்கிளைகளில் பனி இருக்கிறதா, தடத்தின் ஓரங்களில் மண் தெரிகிறதா என்பவை விளம்பரத்துக்கு வளைந்து கொடுக்காத சான்றுகள்.

காற்றுமுகம்:

நண்பர் பனிக்கரடி கூறுவதில் பாதியை ஏற்கிறேன். ஆனால், இந்தக் குறிப்பிட்ட அறிக்கையில் உறைநிலை உயரத்தையும் காற்றையும் அவர்கள் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். இதைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். பெரிய எழுத்தில் ஓர் எண்ணையும் சிறிய எழுத்தில் மற்ற எண்களையும் அச்சிடுவதுதான் இவர்களின் தந்திரம்.

வெயில் நாளில் லிஃப்ட் மூடப்பட்டது பற்றி எவரும் சொல்லவில்லை. பள்ளத்தாக்கில் இலை அசையாத நேரத்திலும் முகட்டில் காற்று உறுமிக்கொண்டிருக்கலாம். தொங்கு நாற்காலிகள் பக்கவாட்டில் ஊசலாடினால் தூணில் மோதும் அபாயம் உண்டு. உறைந்த நீர்த்துளிகள் வடத்திலும் உருளைகளிலும் பனிக்கட்டியாக ஒட்டியிருந்தால் அதைத் தட்டி அகற்றும் வரை ஓட்ட முடியாது. குளிரையும் கணக்கில் கொள்ளுங்கள்: வெப்பமானி மைனஸ் 10 பாகை காட்டும்போது மணிக்கு 30 கி.மீ. காற்று வீசினால், உடலுக்கு அது மைனஸ் 20 பாகைபோல இருக்கும். அசையாமல் நாற்காலியில் பத்து நிமிடம் அமர்ந்து செல்பவரின் விரல் நுனிகளுக்கு இது சிறிய செய்தி அல்ல.

இருப்பினும், அன்றைய முதன்மைக் காரணம் பனிச்சரிவு அபாயமாகவே இருந்திருக்கும் என்பது என் கணிப்பு. (நம் செய்தித்தாள்கள் பனிச்சரிவு என்று எழுதுவது பனி பெயர்ந்து விழுவதைத்தான், ஆகவே மலையின் சாய்ந்த பக்கத்தை நான் இங்கே சாய்வு என்றே குறிப்பிடுகிறேன்.) வடமேற்குக் காற்று என்றால், அது வடமேற்குப் பக்கத்துப் பனியை வாரி எடுத்து முகட்டைத் தாண்டி, தென்கிழக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் குவிக்கிறது. உச்சியில் 25 செ.மீ. விழுந்தது என்றால், காற்று மறைவான குழிகளில் அது ஒரு மீட்டருக்கு மேல்கூடச் சேர்ந்திருக்கலாம். அப்படிச் சேரும் பனி உதிரியாக இருப்பதில்லை. காற்று துகள்களை உடைத்து, நெருக்கி, பலகைபோல இறுக்கிவிடும். அந்தப் பலகைக்கு அடியில் வலுவற்ற ஓர் அடுக்கு இருந்தால், ஒரு மனிதரின் எடையே போதும், முழுப் பலகையும் முறிந்து நழுவும். 30 பாகைக்கு மேற்பட்ட செங்குத்துச் சாய்வுகளில்தான் இது பெரும்பாலும் நிகழ்கிறது. ரோந்துக் குழுவினர் விடியுமுன்பே சென்று, சிறு வெடிகளால் அந்தப் பனியைத் தாமே விழச் செய்து, பிறகுதான் தடத்தைத் திறப்பார்கள். அதற்குப் பிற்பகல் வரை ஆனது என்றால், அவர்கள் தம் வேலையை ஒழுங்காகச் செய்தார்கள் என்றே பொருள்.

ஐரோப்பாவில் 1993 முதல் ஒரே பனிச்சரிவு அபாய அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். 1 என்றால் குறைவு, 5 என்றால் மிக அதிகம். ஐந்தில் நடுவில் இருப்பதால் 3 என்பதைப் பலர் "பரவாயில்லை" என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது பெரும் பிழை. நிலை 4, 5 அறிவிக்கப்பட்டால் மக்கள் தாமாகவே விலகி நிற்கிறார்கள். நிலை 3இல் துணிந்து தடத்தை விட்டு வெளியேறுகிறார்கள், அதனால்தான் உயிரிழப்புகளில் பெரும்பங்கு அந்த நிலையிலேயே நேர்கிறது. கயிறு கட்டிய எல்லைக்கு அப்பால் தூள்பனி எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும், உங்கள் நிலையில் அதைக் கண்ணால் மட்டும் அனுபவியுங்கள்.

வழுக்குமரம்:

அனைவருக்கும் நன்றி. என்னிடம் இருந்த ஐந்து வரிகளில் இவ்வளவு எழுதியிருந்தது என்பது சற்று வெட்கமாகவே இருக்கிறது. மார்ச் இறுதியில் இன்னொரு மையத்திற்குச் செல்ல எண்ணியிருக்கிறேன். அவர்கள் "இந்தப் பருவத்தில் இதுவரை 6 மீட்டர்" என்றும், "கீழ்த் தடங்களில் செயற்கைப் பனி உண்டு" என்றும் எழுதியிருக்கிறார்கள். இவ்விரண்டையும் எந்த அளவுக்கு நம்பலாம்? நாளின் எந்த நேரத்தில் எந்தச் சாய்வில் இறங்குவது நல்லது?

நெடுமலை:

முதலில் அந்த 6 மீட்டர். அது விழுந்த பனியின் கூட்டுத்தொகை, கிடக்கும் பனி அல்ல. அமெரிக்காவின் மவுண்ட் பேக்கர் சறுக்கு மையத்தில் 1998–99 பருவத்தில் மொத்தம் ஏறத்தாழ 29 மீட்டர் பனி பொழிந்தது உலகச் சாதனையாகப் பேசப்படுகிறது. அதற்காக அங்கே பத்து மாடி உயரத்துக்குப் பனி நின்றுகொண்டிருந்தது என்று எவரும் சொல்வதில்லை. ஆழத்தை ஒப்பிட வேண்டுமென்றால் அதே இடத்தில், அதே முறையில், நீண்ட காலம் எடுத்த அளவு வேண்டும். சுவிட்சர்லாந்தின் தாவோஸுக்கு மேலே வைஸ்ஃப்ளூயோக் என்ற இடத்தில், 2,500 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், 1936 முதல் ஒரே களத்தில் அளந்து வருகிறார்கள். அத்தகைய பதிவுக்குத்தான் மதிப்பு. உங்கள் மையத்தின் அருகே அரசு வானிலைத் துறையின் பனி அளவி ஏதேனும் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

செயற்கைப் பனி குறித்து எனக்குக் குறைவான புகாரே உண்டு. அது நுண்ணிய நீர்த்துளிகள் உறைந்த உருண்டை மணிகளின் தொகுதி. அறுகோணக் கிளைகள் இல்லாததால் நெருக்கமாக அடைந்துகொள்கிறது. புதிய இயற்கைப் பனியைவிட அது பல மடங்கு அடர்த்தியானது. ஆகவே, மார்ச் மாத வெயிலில் இயற்கைப் பனியைவிட நெடுநாள் தாங்கும், ஆனால் காலையில் கல்லாகவும் இருக்கும். அதை உருவாக்குவதற்கு ஈரக்குமிழ் வெப்பநிலை (ஈரத் துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு; காற்று உலர உலர இது குறையும்) ஏறத்தாழ மைனஸ் 2 பாகைக்குக் கீழே இருக்க வேண்டும். காற்று மிகவும் உலர்ந்திருந்தால் சாதாரண வெப்பமானி 1 பாகை காட்டும்போதுகூட உருவாக்கலாம். ஈரப்பதம் நிறைந்த இரவில் 0 பாகையிலும் இயலாது. "பனி பீரங்கிகள் இருக்கின்றன" என்பதைவிட, கடந்த பத்து இரவுகளில் அவை எத்தனை இரவு இயங்கின என்பதே நீங்கள் கேட்க வேண்டியது.

மதியவெயில்:

நேரத்தைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் குளிர்காலத்தின் நடுப்பகுதியைவிட மார்ச் இறுதியைத்தான் நான் விரும்புகிறேன்.

வடகோளத்தில் வடக்கு நோக்கிய சாய்வுகள் நெடுநேரம் நிழலில் கிடப்பதால், பழைய தூள்பனி அங்கே மட்டும் எஞ்சியிருக்கும். கிழக்கு நோக்கிய சாய்வு முதல் வெயிலை வாங்கி முதலில் இளகும். பிறகு தெற்கு, கடைசியாக மேற்கு. இரவில் உறைந்த மேல்தோல் வெயிலில் இரண்டு, மூன்று செ.மீ. மட்டும் இளகி, அடியில் உறுதியாக இருக்கும் நேரம் ஒன்று உண்டு. மணல்மேல் நடப்பதுபோல ஸ்கீ அதில் மென்மையாகப் பிடித்துக்கொள்ளும். அந்த நேரம் ஒரு சாய்வில் ஒரு மணி நேரம்கூட நீடிக்காது. முன்னதாகச் சென்றால் உங்கள் கண்ணாடியே காத்திருக்கும். தாமதித்தால் முழங்கால் திருகும் அளவுக்குப் பனி ஈரமாகி இழுக்கும், ஈரப் பனிச்சரிவும் அப்போதுதான் தொடங்கும். ஆகவே, காலை உணவை அவசரமின்றி முடித்துவிட்டுக் கிழக்குப் பக்கத்தில் தொடங்கி, வெயிலின் பின்னாலேயே மலையைச் சுற்றி வாருங்கள். இதில் எல்லாமே இரவில் பனி உறைந்ததா என்பதைப் பொறுத்தது. சென்ற முறை உங்களைக் கெடுத்த அதே தெளிந்த வானம் மார்ச் மாதத்தில் உங்கள் பக்கம் நிற்கும். மேகம் மூடிய இரவுக்குப் பின் பனி விடியும்போதே கூழாகத்தான் இருக்கும். அன்று வடக்குச் சாய்விலோ மிக உயரத்திலோ மட்டும் இறங்குங்கள்.

கண்களையும் மறவாதீர்கள். ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் புறஊதாக் கதிர் ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுகிறது, புதிய பனி அதில் 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்புகிறது. மெல்லிய மேகம் இருக்கும் நாளில் நிழலே விழாது. மேடு எது, பள்ளம் எது என்று தெரியாது. அந்த நாள்களுக்கென்று மஞ்சள் அல்லது இளஞ்சிவப்புக் கண்ணாடி ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு, மரங்கள் ஓரமாக நிற்கும் தடங்களிலேயே இறங்குங்கள்.

வழுக்குமரம்:

புதிய மையத்தின் இன்றைய அறிக்கையை இப்போது மீண்டும் திறந்தேன். உறைநிலை உயரம் 1,800, அடிவாரம் 1,650, வியாழன் இரவு தெளிந்த வானம், முகட்டில் மென்காற்று. வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்குக் கிழக்குச் சாய்வின் லிஃப்டில் ஏறுவேன். இறங்கி வந்து இதே இடத்தில் எழுதுகிறேன்.