சொந்தப் பாட்டுக்கு ஸ்ட்ரீமிங் காசு எங்கே தங்குது?

தெருவிசை:
வணக்கம். மூணு பேர் குழு, வரியும் மெட்டும் எங்களோடது. டிஸ்ட்ரிபியூட்டர் (பாட்டைத் தளங்கள்ல ஏத்தி, வர்ற காசை வாங்கித் தர்ற நிறுவனம்) வழியா 9 பாட்டு ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், யூடியூப் மியூசிக்ல இருக்கு. 4 பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை கணக்குல தொகையே வரலை. வேற எங்கயாவது பதிவு பண்ண விட்டுட்டோமா? இதை நம்பிப் பிழைக்க முடியுமா?

பாஸ்லைன்:
அந்த நாலும் கடந்த 12 மாசத்துல 1,000 தடவை ஓடியிருக்கான்னு முதல்ல பாருங்க. 2024 முதல் அதுக்குக் கீழே நிக்கிற பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை ரெக்கார்டிங் ராயல்டி (பதிவான ஒலிக்கான உரிமைத்தொகை) தர்றதில்லை.

தாண்டின பாட்டுக்கும் ‘ஒரு தடவைக்கு இத்தனை பைசா’ன்னு நிலையான விலை கிடையாது. வசூலான பணத்தில் உரிமையாளர்களுக்கான பகுதியை, மொத்த ஓட்டத்தில் அவரவர் பங்குப்படி பிரிக்கிறாங்க. இந்தியாவில் சந்தா மலிவு, இலவசமா கேக்குறவங்களும் அதிகம். அதே பாட்டை கனடாவிலோ ஜெர்மனியிலோ ஒரு தமிழர் சந்தா கட்டிக் கேட்டா கூடுதலா வரும். எந்த ஊர்ல கேக்குறாங்கன்னு கலைஞர்களுக்கான ‘ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ்’ பக்கத்துல தெரியும்.

காசு வாங்கிட்டுப் போலியா ஓட்டம் ஏத்தித் தர்றவங்க பக்கம் போகவே வேண்டாம். ஸ்பாட்டிஃபை கண்டுபிடிச்சா அபராதம் டிஸ்ட்ரிபியூட்டர் தலையில விழும், அவங்க உங்க பாட்டையே தூக்கிடுவாங்க.

ராயல்டி_கணக்கு:
விட்டுப்போனது இருக்கிறது. ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள்: பதிவான ஒலி ஒன்று, வரியும் மெட்டும் இன்னொன்று. டிஸ்ட்ரிபியூட்டர் வசூலிப்பது முதலாவதை மட்டும். இரண்டாவதற்கான ராயல்டியை வசூலித்துப் பிரித்துத் தர இந்தியாவில் ஐ.பி.ஆர்.எஸ். சங்கம் இருக்கிறது. வரி எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் தனித்தனியாக உறுப்பினராக வேண்டும். பான் அட்டை, வங்கி விவரம் தேவை.

பலர் உறுப்பினரானதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஒவ்வொரு பாட்டையும் தனியாகப் பதிய வேண்டும்: தலைப்பு, யாருக்கு எவ்வளவு பங்கு (கூட்டினால் 100), ஐ.எஸ்.ஆர்.சி. எண் (ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் உரிய தனி அடையாளக் குறியீடு). அந்த 12 எழுத்து எண் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்திலேயே இருக்கும். தலைப்பை ஓரிடத்தில் தமிழிலும் இன்னோரிடத்தில் ஆங்கில எழுத்திலும் போட்டால் பொருத்தம் கிடைக்காமல் பணம் தேங்கும். பங்கு விகிதத்தைப் பாட்டு வெளிவரும் முன்பே எழுதி மூவரும் கையெழுத்திடுங்கள். பிறகு பேசினால் சண்டைதான்.

டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றும்போது அதே எண், அதே ஒலிக்கோப்புடன் புதிய இடத்தில் ஏற்றி, அது வெளிவந்த பிறகே பழையதை நீக்குங்கள். எண் மாறினால் ஓட்டக் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

அமெரிக்க நிறுவனங்கள் கேட்கும் டபிள்யூ-8பென் என்ற வரிப் படிவத்தையும் விட வேண்டாம். இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தப்படி ராயல்டிக்கு அங்கே வரிப் பிடித்தம் 15%; படிவம் இல்லையென்றால் 30% வரை போகும்.

மேடைப்பக்கம்:
பிழைக்க முடியுமான்னு கேட்டீங்க. ஸ்ட்ரீமிங்கை மட்டும் நம்பி மூணு பேர் சாப்பிடுறது கஷ்டம். அதை ஆள் சேக்குற இடமா வெச்சுக்கிட்டு, காசை மேடையிலும் நேரடி விற்பனையிலும் பாருங்க.

மேடைன்னா பாதி முன்பணம், சவுண்டு, பயணம், தங்குமிடம் யார் செலவுன்னு எழுத்துல வாங்குங்க. பாடுற சொந்தப் பாட்டுப் பட்டியலை அமைப்பாளர் கையில் கொடுங்க. அவர் ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்துக்கு உரிமக் கட்டணம் கட்டினா பங்கு பிரிக்க அதுதான் ஆதாரம். ரசிகர்களுக்குப் பாட்டு விக்கிற பேண்ட்கேம்ப் தளத்துல நேரடியா வித்தா அவங்க எடுக்குறது டிஜிட்டலுக்கு 15%, டி-ஷர்ட் மாதிரி பொருளுக்கு 10%, பணம் அனுப்புற கட்டணம் தனி. ஒரு ஆல்பம் அங்க போனா வர்றது பல ஆயிரம் ஓட்டத்துக்குச் சமம்.

விளம்பரம், குறும்படத்துக்குக் கேட்டா உடனே அனுப்ப 24 பிட் வேவ் (சுருக்காத ஒலிக்கோப்பு), குரல் இல்லாத வடிவம், 30 வினாடி, 60 வினாடி வெட்டுன்னு ஒவ்வொரு பாட்டுக்கும் எடுத்து வையுங்க. இரண்டு உரிமையும் ஒரே கையில இருந்தா பேச்சு சீக்கிரம் முடியும். உங்க பெரிய பலம் அது.

தெருவிசை:
மிக்க நன்றி. மத்தவங்க வீடியோவில நம்ம பாட்டு இருந்தா தானா கண்டுபிடிக்கிற யூடியூப் கன்டென்ட் ஐடியில சேர்க்கலாமா? ரெண்டு பாட்டுல லூப் பேக் (யாரும் வாங்கிப் பயன்படுத்துற ஆயத்தத் துணுக்குத் தொகுப்பு) தாளம் இருக்கு.

ராயல்டி_கணக்கு:
அந்த இரண்டையும் சேர்க்காதீர்கள். அதே லூப்பை வாங்கிய மற்றவர்களின் வீடியோக்கள் மீதெல்லாம் உங்கள் பெயரில் உரிமைகோரல் போகும். மறுப்புகள் குவிந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் உங்களை அந்தச் சேவையிலிருந்தே நீக்கலாம். முழுக்க நீங்களே வாசித்த மற்ற ஏழு பாட்டையும் சேருங்கள். முன்னதாக உங்கள் சேனலை விலக்குப் பட்டியலில் (கோரல் போகாத சேனல்களின் பட்டியல்) போடும்படி டிஸ்ட்ரிபியூட்டரிடம் சொல்லுங்கள், இல்லாவிட்டால் முதல் கோரல் உங்கள் வீடியோ மேலேயே வந்து விழும்.